இடுக்கு

டார்ட்டுவில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றின்மேல் யாரோ
சைக்கிள் ஓட்டிப்போன தடம்.
நிலவறையில் இரவு ஒன்றேகால்.
மேலே கடைசிப் பேருந்தும் போனபிறகுதான்
எங்கள் மேசை நடுங்காமல் நிற்கும்.

முதலில் ஒரு கணக்கு.
சிவப்பு ஒளியின் ஓர் அலை
அறுநூற்று அறுபது நானோமீட்டர்.
நீலச் சாயத்தின் ஒரு மூலக்கூறு
ஒன்றுக்குச் சற்று மேல்.
என் கணவன் தாவெத் சொல்வான்,
பெய்ப்சி ஏரி முழுதும் எழுந்து வந்து
தன் தூண்டில்முள்ளைத் தேடுவது போல என்று.
மிகைதான். பனியில் துளைபோட்டு உட்காருபவர்கள்
வேறெப்படிப் பேசுவார்கள்?
ஆனால் அது சரி: ஏரி தேடாது,
முள்ளைக் கவனிக்காமல் கடந்துபோகும்.
பதினாலு மாதம் அப்படித்தான் போயிற்று.

ஆகவே பொன்.
வழுவழுத்த ஒரு பொன்தளம்,
அதன்மேல் கண்ணுக்கெட்டாத ஒரு பொன்குண்டு,
நடுவே ஒரு நானோமீட்டர்கூட இல்லாத இடுக்கு.
குண்டின் எலக்ட்ரான்கள் கூட்டமாய்
இப்படியும் அப்படியும் சாய்கையில்
அகன்று கிடந்த ஒளி உடம்பைக் குறுக்கிக்கொண்டு
உள்ளே நுழைகிறது,
ஏரியின் எடையோடு.

இடுக்கை விரித்துப் பிடித்திருப்பது
பூசணிக்காய் வடிவில் ஒரு மூலக்கூறு.
அதன் குடைந்த வயிற்றில்
சாயம் நிமிர்ந்து நிற்க வேண்டும்.
படுத்துவிட்டால் பயனில்லை;
அங்கே ஒளி மேலும் கீழுமாகத்தான் அசையும்.
அதே சாயத்தைத்தான் தாவெத்
பூஞ்சை பிடித்த தங்கமீனுக்கு ஊற்றுகிறான்.
தங்கத்தின்மேல் நீலம்:
எனக்கு முன்பே தான் செய்துவிட்டதாக
விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்கிறான்.

பொன்னின் குறையையும் சொல்ல வேண்டும்.
பிடித்ததைத் தின்றுவிடும்.
பத்து பெம்டோநொடி, அவ்வளவுதான்,
பிறகு ஒளி வெறும் சூடு.
அதற்குள் மூலக்கூறு வாங்கி,
திருப்பித் தந்து, மறுபடி வாங்கி,
கடன்காரன் கதவைத் தட்டுமுன்
கைமாற்று நடந்தாக வேண்டும்.

இருட்டில் சிவந்த புள்ளிகள்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம்.
ஒரு முகடு. ஒரு முகடு. ஒரு முகடு.
நார்வாக்காரி க்சேனியா ரஷ்ய மொழியில் எண்ணினாள்,
பதின்மூன்றைத் தாண்டிக் குதித்து.
அதனால் அது இருநூற்றுப் பதினேழோ
பதினாறோ, சத்தியம் செய்யமாட்டேன்.

அதில் முகடு பிளந்தது.

நடுவில் பள்ளம். இருபுறமும் தோள்.
நான் சொன்ன முதல் வார்த்தை,
"மேசையை உதைத்தாயா?"
கடித்த கருப்பு ரொட்டியோடு
அவள் தலையாட்டினாள், இல்லையென்று.
மறுபடி எடுத்தோம். பள்ளம் அங்கேயே.
ஒளி எது, சாயம் எது என்ற கேள்வி
அந்த இடுக்குக்குள் செல்லாக்காசு.
இரண்டும் சேர்ந்து வேறு இரண்டாகியிருந்தன.

"ஒரே ஒரு மூலக்கூறா?"
ஒன்று இருக்கலாம். மூன்று இருக்கலாம்.
ஒன்று என்று எழுதக் கை துறுதுறுத்தது.
எழுதவில்லை.

நாற்பது வினாடி.
எங்கள் விளக்கிலேயே சாயம் வெளுத்தது.
பள்ளம் தூர்ந்து
மறுபடியும் ஒற்றை முகடு,
ஒன்றும் நடக்காத முகத்தோடு பொன்.
க்சேனியா மீதி ரொட்டியைத் தின்று முடித்தாள்.

வீட்டில் மீன்தொட்டியின் மோட்டார் சத்தம்.
தாவெத் கண்திறக்காமல் கேட்டான்,
"மாட்டியதா?"
மாட்டியது. போய்விட்டது.
"எவ்வளவு பெரிசு?"
தூக்கத்திலேயே கைகளை அகல விரித்தான்,
மீன்காரர்கள் எல்லோரையும் போல.
அவன் முகத்துக்கு நேரே
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
இடையில் விளக்கொளி தெரியாதவரை நெருக்கினேன்.
"இதைவிடக் கொஞ்சம் சின்னது."